வாழ்த்து ஃபோல்டர்

நாவலூர் ஆபீஸில் ஜாக்குலினுக்கு ஒரே வேலைதான், மெயில். மாமல்லபுரம் கடற்கரையில் இருக்கும் கம்பெனி ஓட்டலிலிருந்து வருகிற ஒவ்வொரு மெயிலையும் அதனதன் ஃபோல்டரில் போடவேண்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்கவேண்டும். பதினோரு வருஷத்தில் ஒன்றுகூடத் தவறியதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெருமையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமையோடு தீர்ந்துபோனது.

மெயில் பெட்டி நிரம்பிவிட்டதால் ‘வாழ்த்து’ என்ற ஃபோல்டரைக் காலி செய்ய உட்கார்ந்தாள். அது அவளே உண்டாக்கியது. நம் ஜனங்களுக்கு ஒரு மெயில் விலாசம் கிடைத்தால் போதும், விடிந்ததும் ரோஜாப்பூ, குத்துவிளக்கு, வேத வசனம் என்று அனுப்பித் தள்ளுவார்கள். சாமி கும்பிடுகிறவர்களுக்கும் ஜெபம் பண்ணுகிறவர்களுக்கும் இதில் அப்படியொரு ஒற்றுமை. மேனேஜர் உலகநாதன் சலித்துக்கொண்டதால், தலைப்பில் ‘காலை வணக்கம்’, ‘ஸ்தோத்திரம்’ என்று எது இருந்தாலும் நேராக அங்கே போய் விழும்படி நாலு மாசத்துக்கு முன்னால் ஏற்பாடு செய்திருந்தாள். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

மொத்தத்தையும் அழிக்கப் போன கை நின்றது. பூக்களுக்கு நடுவே பெஞ்சமின் பெயர், மூன்று இடத்தில்.

பெஞ்சமின் ஓட்டலின் எலக்ட்ரீஷியன். நீச்சல்குளத்து மோட்டார் ரூமில் ஷாக் அடித்துச் செத்து மூன்று வாரம் ஆகிறது. அவள் போகிற சர்ச்சுக்குத்தான் அவனும் வருவான். அவன் வேலையில் சேர்ந்த புதிதில், “போன்ல சொன்னா காத்தோட போயிடும்பா. மெயில்ல போடு, அதான் ரெக்கார்டு” என்று அவனுக்குச் சொன்னவளே அவள்தான். ஸ்தோத்திரம் சொல்லாமல் யாரிடமும் பேச்சை ஆரம்பிக்காதவன், மெயிலிலும் தலைப்புக்கான இடத்தில் அதையே போட்டுவிட்டு விஷயத்தைக் கீழே எழுதியிருந்தான்.

கடைசி மெயில், சாவதற்கு மூன்று நாள் முன்னால் வந்தது. “மோட்டார் ரூம் தரை ஈரமாவே கீது. ஒயர் தோல் உரிஞ்சி கீது. கை வெச்சா சுருக்குனு இழுக்குது. ரெண்டு வாட்டி எழுதிட்டேன். ஜாக்குலின் அக்கா கண்ல பட்டா உடனே ஆள் அனுப்புவாங்க. அதுவரிக்கும் நானே பாத்துக்கினு கீறேன்.”

போன வாரம் உலகநாதன் கேட்டபோது இன்பாக்ஸை மட்டும் தேடிவிட்டு, ‘பெஞ்சமினிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதை வைத்துத்தான் கம்பெனி, செத்தவனுடைய கவனக்குறைவு என்று எழுதிவிட்டது. திங்கட்கிழமை செங்கல்பட்டில் அந்தச் சாவைப் பற்றி அரசாங்க விசாரணை. அதைக் கேள்விப்பட்டு அவன் மனைவி ஜெனிஃபர் கல்லறைத் தோட்டத்தில் வைத்து, “அவரு அப்படி கவனமில்லாத ஆளு இல்லக்கா” என்று அழுதபோது, இவள் ஆதரவாகத் தோளைத் தட்டிக் கொடுத்தாள். எவ்வளவு கேவலம்.

உலகநாதனிடம் போய்ச் சொன்னாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“வாழ்த்து ஃபோல்டர்தானே? காலி பண்ணத்தானே சொன்னேன்.”

“சார், அது புகாரு.”

“ரிப்போர்ட்ல உங்க கையெழுத்துதான் இருக்குதும்மா. அத மட்டும் யோசிச்சுக்குங்க.”

யோசித்தாள். ஒரு பட்டனைத் தட்டினால் போதும். பெஞ்சமின் கவனமில்லாதவனாகவே இருந்துவிடுவான், இவள் வேலை இவளிடம் இருக்கும். இரண்டு மணி நேரம் அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மூன்றையும் நிரந்தரப் பதிவில் ஏற்றி, நம்பர் போட்டு, பிரின்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

முட்டுக்காட்டில் ஜெனிஃபர் வீட்டு வாசலில் இன்னும் அவனுடைய செருப்பு கிடந்தது. ஜெனிஃபர் காகிதங்களை வாங்கி, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தாள். முகம் தெளிந்தது.

“நான்தான் சொன்னேனே. சொல்லிகினுதான் இருந்துகீறாரு.” கடைசி மெயிலை மறுபடி படித்துவிட்டு நிமிர்ந்தாள். “இதுல உங்க பேரு கீதே. உங்க கண்ல படலியாக்கா?”

ஒயர் மேல், மெயில் சர்வர் மேல், உலகநாதன் மேல் பழி போட இடமிருந்தது. ஜாக்குலின் போடவில்லை. “ஸ்தோத்திரம்னு வர்ற மெயிலெல்லாம் வேணாம்னு நான்தான் ஒதுக்கி வெச்சேன் ஜெனிஃபர். தொறந்து பாக்கல. சரியா தேடாமயே வரலன்னு எழுதியும் குடுத்துட்டேன்.”

ஜெனிஃபர் காகிதத்தை மடித்து பைபிளுக்குள் வைத்தாள்.

“திங்கக்கெழம அங்க வந்து இதயே சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

“சொல்லுங்க. அதுக்கப்புறம் இந்த வூட்டுக்கு வராதீங்கக்கா.”

ஜாக்குலின் எழுந்தாள். வாசலில் அவன் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்த தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளவே அவளுக்கு நேரமாயிற்று.