சுவரில் ஏறிய கோடு

மலை உச்சியில் காற்றை அளக்கும் நிலையத்தில் என் அக்காவுக்கு வேலை. காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று மாதாமாதம் சுவரிலுள்ள வரைபடத்தில் புள்ளி வைப்பாள். ஏறிக்கொண்டே போன கோடு ஒருநாள் தாளின் மேல் விளிம்பைத் தொட்டுவிட்டது. பதறிப்போய் இயக்குநரைக் கூப்பிட்டாள்.

"சார், இதுக்கு மேல இடமே இல்ல. உடனே ஏதாவது செய்யணும்."

இயக்குநர் நேரிலேயே வந்து அண்ணாந்து பார்த்தார். "நீ சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா" என்றார்.

மறுவாரம் இரண்டு பேர் வந்து, வரைபடத்தின் அளவுகோலைச் சுருக்கி, அதே கோட்டைத் திரும்ப வரைந்த புதுத் தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். கோடு பாதிச் சுவரில் அடக்கமாக நின்றது.

"இனி முப்பது வருஷத்துக்குக் கவலையில்ல. நிம்மதிதானே?" என்று இயக்குநர் போனில் கேட்டார்.

ஒரு கணம் அக்காவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்துத்தான் அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.