ஷூ தெரிகிற படம்

ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று பியாலி படியிலேயே நின்றுவிட்டாள். லேக் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபை மண்டபத்தின் வாசல் அது. உள்ளே மேடைக்குப் பக்கத்தில் பிள்ளையார் இருக்கிறார். யாராக இருந்தாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆடிட்டர்களும் டாக்டர்களும் சாஃப்ட்வேர் ஆட்களும் விட்டுவிட்டுப் போன குவியலுக்கு நடுவே, பதின்மூன்று வயதுப் பெண் கறுப்பு ஸ்கூல் ஷூவோடு அசையாமல் நின்றாள். அவள் அம்மா மாலதி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பின்னால் நின்றாள்.

கேனிங் பக்கத்துக் கிராமப் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குச் சபை பணம் தருகிறது. பதிலுக்கு அந்தப் பெண்கள் வருடத்துக்கு ஒருமுறை லோக்கல் ரயிலில் பாலிகஞ்சில் வந்து இறங்கி, பணம் கொடுத்தவர்களோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வழக்கமாகப் படம் எடுப்பவருக்குக் காய்ச்சல். அதனால் இந்த வருடம் படம், மொழிபெயர்ப்பு இரண்டும் என் தலையில். இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் வந்திருந்தேன். பாதியில் கல்லூரியை விட்டவனுக்கு வங்காளமாவது உருப்படியாக வருகிறது என்பது சபைத் தலைவர் சேஷாத்ரி மாமாவின் அபிப்பிராயம். இந்த ஊரில் நாற்பது வருடமாக மளிகைக் கடை நடத்தும் அவருக்கும் வங்காளம் தெரியும். ஆனால் அது விலை பேசுகிற வங்காளம்.

"ஏண்டா உதய், என்னவாம் அவளுக்கு? புது ஷூ தொலஞ்சுடும்னு பயமா? வாசல்ல தர்வான் காவல் இருக்கான், பாத்துப்பான்னு சொல்லு."

கேட்டேன். பியாலி என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"போன வருஷமும் ஷூ போட்டுட்டுத்தான் வந்தேன், அண்ணா. இதே படியிலதான் விட்டேன்."

போன வருடப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். அது எல்லோருடைய போனுக்கும் வந்தது. நாற்காலிகளில் பெரியவர்கள். அவர்கள் முன்னால் ஜரிகைத் துணி தரை வரை தொங்கும் மேஜை. மேஜைக்கு இந்தப் பக்கம் தனியாக பியாலி. 'இந்தப் பாதங்கள் இன்னும் எவ்வளவு தூரம் வெறுமையாக நடக்க வேண்டும்?' என்று கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. மேஜைக்கு அடியில் இருந்த அத்தனை பாதங்களும் வெறும் பாதங்கள்தான். அது படத்தில் இல்லை. அந்தப் படம் சுற்றிச் சுற்றி அவள் ஹாஸ்டலுக்கே போய்ச் சேர்ந்தது. கூடப் படிக்கிற பெண்கள் அன்றிலிருந்து அவளைக் காலி-பா என்று கூப்பிடுகிறார்களாம். வெறுங்காலி. அவள் அம்மா டாகுரியாவில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, கரியாஹாட் நடைபாதையில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்த ஷூ, யாரும் பார்க்காமல் இந்தக் குவியலில் கிடந்திருக்கிறது.

மாமாவிடம் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது. "அடடா. அதுக்காக? சாமி இருக்கற எடம்டா. நானே கழட்டிட்டுத்தானே வந்திருக்கேன்."

"மேஜைய எடுத்துடலாம் மாமா. எல்லார் காலும் தெரியட்டும்."

"வெளையாடறியா? ஆடிட்டரோட பித்தவெடிப்ப ஊருக்கே காட்டணுமா?" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அதற்குள் தொண்டு நிறுவனத்தின் கீதாஞ்சலி வந்துவிட்டார். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, அமைதியான குரல். பியாலியிடம் பேசவே இல்லை. நேராக அம்மாவிடம் போனார். "படம் இல்லாம ஹாஸ்டல் சீட்ட நீட்டிக்க முடியாது மாலதி. ஒன்பதாங் கிளாஸுக்கு எத்தன பேர் காத்திருக்காங்கன்னு உனக்கே தெரியும். வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறதானா போ. ஆனா அப்புறம் என்ன நடக்கும்னும் உனக்குத் தெரியும்."

மாலதிக்குத் தெரியும். பெரியவள் படிப்பை விட்டதும் பதினைந்து வயதில் கல்யாணம் செய்து கொடுத்தாகிவிட்டது. அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இதைக் காலையில் தேநீர்க் கடையில் சாதாரணமாக என்னிடம் சொல்லியிருந்தாள். இப்போது மகளின் முதுகில் கையை வைத்தாள். தள்ளவில்லை, சும்மா வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிப்பு இவளுடைய உரிமை என்று மேடையில் பேனர் கட்டியிருந்தார்கள். அதை வாங்க இவள் வெறுங்காலியாக நிற்க வேண்டும். வீட்டில் ஏழ்மை கொஞ்சம் குறைந்திருந்தாலும் அது படத்தில் தெரிந்துவிடக் கூடாது.

பியாலி உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். ஆனால் குவியலில் விடவில்லை. கையில் எடுத்துப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டாள். என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

மேஜைக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். நான் போனை உயர்த்தி மூன்று எண்ணும்போது, பாவாடை மடிப்பிலிருந்து ஜோடி ஷூவை எடுத்து நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். பரிசுக் கோப்பையைப் பிடிப்பதுபோல. எடுத்தேன்.

மாமா எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"செருப்பத் தூக்கிக் காட்டறா! பிள்ளையாருக்கு முன்னாடி, நம்ம முன்னாடி! சாப்பாடு போட்டு, படிக்க வெச்சு..."

"காட்டல மாமா. தன்கிட்டயும் இருக்குன்னு சொல்றா."

"எனக்கு நீ அர்த்தம் சொல்லாதே. மன்னிப்பு கேக்கச் சொல்லுடா அவள."

பியாலி என்னைப் பார்த்தாள். என்ன தப்பு நடந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. நான் மொழிபெயர்க்கவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். கீதாஞ்சலி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, முகத்தை மட்டும் வெட்டி அனுப்பிவிடச் சொன்னார். சீட்டு என்ன ஆகும் என்று கேட்டேன். "கமிட்டி பாக்கும்" என்றார்.

சாப்பாட்டுக்கு மாலதி நிற்கவில்லை. மகளை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பின்னாலேயே போனேன். ஃபோட்டோ எங்கே என்று கேட்டு போன் சட்டைப் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. பியாலி குறுகலான படியின் நடுவில் உட்கார்ந்து ஒரு ஷூவைப் போட்டாள். நாடாவை இழுத்தாள், முடிச்சுப் போட்டாள், பிடிக்காமல் அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து கட்டினாள். அவளுக்குப் பின்னால், சாப்பாட்டுக்கு நிற்காமல் வீட்டுக்குக் கிளம்பிய ஆடிட்டர்களும் டாக்டர்களும், செருப்பை எடுக்க வழியில்லாமல், வெறுங்காலோடு நின்றார்கள். அவள் அடுத்த ஷூவை எடுத்து, உள்ளே இருந்த மண்ணை மெதுவாகத் தட்டினாள்.