நாலாவது கேள்வி

விண்ணப்பிக்க இன்னும் ஐந்து மணி நேரம் இருபது நிமிடம் இருந்தது. ரோபோ செய்யும் நிறுவனம் ஒன்று, மூன்று மாதப் பயிற்சிக்கு எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேரை எடுக்கப்போகிறது. இப்படிப்பட்ட செய்திகளை வகுப்பு வாட்ஸப் குழுவில் போடுவது என் பொறுப்பு. வாய் திறந்து பேச வேண்டியதில்லை என்பதால் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். விண்ணப்ப லிங்க்கோடு இதைப் போட்டு ஆறு நாளாகிறது. அறுபத்தொரு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

ஆய்வகத்தில் என் பக்கத்து நாற்காலி எங்கள் வகுப்பு லீடருடையது. இந்தப் பயிற்சி கிடைக்காவிட்டால் விடுமுறை முழுக்க அவள் மாமா கடையில் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும்.

"அப்ளை பண்ணிட்டியா?" என்று கேட்டேன்.

"முதல் நாளே பண்ணிட்டேன்டி. நாலாவது கேள்விதான் மண்டையைக் காய வெச்சுது."

"எனக்கும்தான்" என்றான் பின்னால் இருந்தவன். "அதுக்கு மட்டும் ரெண்டு பக்கம் எழுதினேன்."

"அப்போ ரெண்டு சீட்டும் ஃபுல். மத்தவங்க எல்லாம் வீட்டுக்குப் போங்கப்பா!" என்று லீடர் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் நானே விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். அப்போது ஒன்று தெரிந்தது. சொன்னால் இரண்டு பேர் முகத்தையும் பார்க்க வேண்டும். சொல்லாவிட்டால் அவளுக்கு ஜெராக்ஸ் கடைதான்.

"லீடர், நான் போட்டது போன வருஷத்து லிங்க். அது திறக்கவே திறக்காது."