மீனுக்கும் வாழைக்கும் பொதுவானது

...இதை மீனோடு வைப்பதா வாழையோடு வைப்பதா, ஏல மென்பொருளில் நாலைந்து வரி ஃபங்ஷன், வாழைத்தார் இறக்கும்போது அழுகினதை எடையில் கழிப்பதற்காகச் சங்கரி எழுதியது, ஆனால் மீன் கணக்கும் இதைத்தான் கூப்பிடுகிறது, ஒரு மத்தியானம் சோம்பல்பட்டுக் கிருபைராஜ் இதையே மீனுக்கும் இணைத்துவிட்டான், ஐஸ் உருகுற எடையும் கழிவுதான சங்கரி என்று சிரித்தான், அவளும் சிரித்திருப்பாள், சிரித்தாளா... பெருமாள்புரத்து வீட்டில் மின்விசிறி சுற்றுகிறது, டீயில் ஆடை படிந்துவிட்டது, அதைக் குடிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை, கொட்ட வேண்டும் என்றும் தோன்றவில்லை. குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்துக்கு இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று, தொழிலையும் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார் வக்கீல், உவரி மீன் ஏலத்துக்கு எழுதிய மென்பொருள் அவனுக்கு, களக்காட்டு வாழை ஏலத்துக்கு எழுதியது அவளுக்கு, கேட்க எவ்வளவு லேசாக இருந்தது. ஆனால் ஒரே மேஜையில் உட்கார்ந்து இரண்டு பேர் ஹாஸ்கெல் மொழியில் எழுதியது, எல்லாம் ஒரே ஃபைலில் கிடக்கிறது, எந்த வரி யாருடையது என்று அப்போது யார் பார்த்தார்கள்.

மீனுக்குத் தனி ஃபைலாக ஒரு மாட்யூல், வாழைக்கு ஒரு மாட்யூல், எது வெளியே தெரியலாம், எது உள்ளேயே இருக்கட்டும் என்று தலைப்பில் எழுதினாள், ஓட்டினாள், எழுதியதைச் சரிபார்த்துக் கட்டித்தரும் கம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை, மீன் கழிவுக்காக வாழையைக் கேட்கிறது, வாழை ஏலச் சுற்றுக்காக மீனைக் கேட்கிறது, இப்படி வளையமாகச் சுற்றினால் எதை முதலில் கட்டுவது என்று அதற்குத் தெரியாது. ஹாஸ்கெலில் ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுத்தது மாறாவிட்டால் வருவதும் மாறாது, வேறு எதையும் தொடாது, அதனால்தான் இந்த மொழி இருவருக்கும் பிடித்தது... அவன் ஊரான உவரிக்கு முதல்முதல் போனபோது அவன் அம்மா லூர்து மேரி அவளுக்கென்று புதுச்சட்டி வாங்கி வைத்திருந்தாள், அந்தச் சட்டில மீன் கரண்டியப் போட்டுராதிய, சைவப் பிள்ளைக்குள்ளது என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள், அந்தச் சட்டி இப்போதும் அங்கேதான் இருக்கும், மீன் வைத்திருப்பார்களோ, வைக்கட்டுமே. வலிக்கும் என்று கொஞ்சம் காத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை, மரப்பு ஊசி போட்ட ஈறைப் போல அந்த இடம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

போன் அடித்தது, கிருபைராஜ்தான், பின்னால் கடல் இரைச்சல்.

"முடிஞ்சுதா?"

"இல்ல. ரெண்டும் ஒண்ண ஒண்ணு கூப்பிட்டுக்கிட்டுக் கெடக்கு."

"பொதுவா உள்ளதத் தனியா எடுத்துப் போடு சங்கரி. ஆளுக்கொரு காப்பி வச்சிக்கிடுவோம்."

"பெறகு நீ அதுல ஒண்ண மாத்துனா எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிடுவது கேட்டது.

"தெரியாது," என்றான். "தெரிய வேண்டாம்லா."

சரி என்றாள், சரிதானே, வேறென்ன சொல்ல. மூன்றாவதாக ஒரு மாட்யூல் திறந்தாள், ஏலம் என்று பெயர் வைத்தாள், கழிவு, சுற்று, விலை கேட்பவர், இருவரும் தொட்டதையெல்லாம் அதற்குள் தள்ளினாள், இது மீனையும் கேட்காது வாழையையும் கேட்காது, பிறகு அதை இரண்டு ஃபோல்டரிலும் ஒட்டினாள், தெருவில் பதநீர்க்காரர் மணி அடித்துக்கொண்டு போனார், வாங்கலாமா என்றுகூட நினைத்தாள். மீனை ஓட்டினாள், தேறியது. வாழையை ஓட்டினாள், அதுவும் தேறியது. பிழை இல்லை, எச்சரிக்கைகூட இல்லை, இருக்காதே என்று திரையை மேலே தள்ளி ஒவ்வொரு வரியாகத் தேடினாள், எதைத் தேடுகிறோம்... காலையிலிருந்து இது முடியாது, இதைப் பிரிக்க வராது என்று அந்தக் கம்பைலராவது சொல்லும் என்று உட்கார்ந்திருந்தோமோ. முடிஞ்சது என்று அவனுக்குத் தட்டினாள், அனுப்பவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை ஓட்டினாள்.