ஒன்பதாவது பெயர்

முதலாளி பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். எதிரே நின்ற பத்திரிகைத் துணை ஆசிரியருக்கு அதைப் பார்க்கவே குமட்டியது.

மேசைமேல் அன்றைய நாளிதழ். முதல் பக்கம் முழுக்க சிமெண்ட் ஆலையின் விளம்பரம். நான்காம் பக்கத்தில், 'இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதே நாளில்' பத்தியில், அதே ஆலையின் தூசி எட்டுத் தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்ற செய்தி. பழைய தொகுப்பில் தேதி பார்த்து அந்தப் பத்தியை எடுத்துப் போடுவது அவள் வேலை. விளம்பரம் வருவதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அந்தச் செய்தியை எழுதியவர் அப்போது சைக்கிளில் அலைந்த நிருபர். இப்போதைய முதலாளி.

"என்னம்மா, என் கையாலேயே என் கண்ணைக் குத்தறியா?"

"நீங்க எழுதினதுதான் சார்."

"அதான் எரியுது. ஆலைக்காரர் காலங்காத்தால கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். நாளைக்கே திருத்தம் வரணும். யாருக்கும் எந்த நோயும் இல்ல, தகவல் தப்புன்னு."

அடுத்த வாரம் அவள் அப்பாவின் இழப்பீட்டு வழக்கு. வெட்டி வைத்த செய்தித்தாளெல்லாம் செல்லாது, எழுதியவர் கைப்பட ஏதாவது இருந்தால் காட்டு என்று ஆலையின் வக்கீல் கேட்டிருந்தார். இந்தத் திருத்தமும் வந்துவிட்டால் வழக்குக்கு மூடுவிழாதான்.

"எங்க வீட்டுக் கட்டில்ல உக்காந்து எங்கப்பாகிட்ட பேசினீங்களே சார்?"

"பேசினேன். அவர் துப்புற கிண்ணத்தைப் பத்திக்கூட எழுதினேன். என்ன வரி அது!" முகமெல்லாம் பூரிப்பு. மூடியைத் துடைக்காமலே பேனாவில் மாட்டினார்.

பிறகு திருத்தப் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். தவறு செய்தவர் அதில் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டால்தான் திருத்தம் அச்சுக்குப் போகும். நிருபராக இருந்தபோது அவரே வற்புறுத்திக் கொண்டுவந்த விதி. ஊர் ஊராக மேடையேறிப் பெருமையடித்த விதி.

"உன் பத்தி, உன் தப்பு. போடு கையெழுத்து."

எப்படி எழுதுவதென்று பார்க்க அவள் முதல் பக்கத்தைத் திருப்பினாள். அவருடைய பழைய கையெழுத்து, குண்டு குண்டாக:

'பாதிக்கப்பட்டவர்கள் எட்டுப் பேர் என்று எழுதிவிட்டேன். ஒன்பது பேர். ஒன்பதாமவரை நேரில் கண்டேன். சளியில் சிமெண்ட் இருந்தது. பெயரை விட்டது என் தவறு.'

கீழே அப்பாவின் பெயர். அதற்கும் கீழே தேதியோடு அவர் ஒப்பம்.

இருபது ஆண்டுகளாக இதே அலுவலகத்தில்தான் இருந்திருக்கிறது. மனிதருக்கு நினைவேயில்லை.

அவள் பதிவேட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"எங்கம்மா எடுத்துட்டுப் போற? ஆபீஸ் சொத்து அது!"

"கோர்ட்ல வந்து வாங்கிக்குங்க சார். நீங்க எழுதினதுதானான்னு அங்கயே கேப்பாங்க."

"நான் எவ்ளோ கஷ்டப்பட்டு இந்த நாற்காலிக்கு வந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். இன்னிக்கு பேப்பர்ல முதல் பக்கத்துலயே இருக்கு."

வாசல் குழாயில் அவள் இரண்டு முறை கை கழுவினாள். பதிவேடு நனையாமல் பார்த்துக்கொண்டாள்.