துரை வீட்டு நாற்காலி

"நார நனைச்சி இழுடி. காஞ்ச நாரு அறுந்துக்கும்" என்றார் குழந்தைவேல். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

"பேசாதிங்க. பேசினா இழுக்குது இல்ல?" என்றாள் தையலம்மாள். வாளித் தண்ணீரில் ஊறிய பனை நாரை எடுத்து நாற்காலிச் சட்டத்தில் சுற்றி, காலால் உதைத்துக்கொண்டு இழுத்தாள். இன்னும் நாலு வரிசைதான். முடிந்துவிட்டால் மத்தியானமே அவரைத் தூக்கிச் சாய்த்துவிடலாம்.

வாசற்படிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு, உரலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனுஷன். உரல்மேல் தலையணை, தலையணைமேல் நெற்றி. இரண்டு மாதமாக இப்படித்தான் தூக்கம். படுத்தால் நெஞ்சில் நீர் ஏறி மூச்சு முட்டியது. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், படுக்கவே கூடாது, சாய்ந்தபடி உட்கார்ந்து தூங்கட்டும் என்று சொல்லிவிட்டார். சொல்வதற்கென்ன! சாய்ந்துகொள்ள அந்த வீட்டில் சுவரைத் தவிர என்ன இருந்தது?

அப்போதுதான் கொழுந்தன் மணவாளன் இந்த நாற்காலியை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான். கப்பலேறி ஊருக்குப் போகும் ஒரு வெள்ளைக்கார துரை வீட்டு ஏலத்தில், யாரும் கேட்காமல் விறகோடு விறகாகக் கிடந்ததாம். நீளக் கை வைத்த சாய்வு நாற்காலி. பிரம்பு கிழிந்து தொங்கியது. ஒரு காலைக் கரையான் பாதிக்கு மேல் தின்றிருந்தது. "அண்ணி, இத அண்ணனுக்கு எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடு" என்றான்.

பன்னிரண்டு நாள் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. உடைந்த பாட்டில் சில்லால் பழைய வார்னிஷைச் சுரண்டினாள். ஓட்டைகளில் புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்தாள். மாடு விற்ற பிறகு பரணில் கிடந்த நுகத்தடியை ஆசாரி சுப்பராயலுவிடம் கொடுத்து, தின்ற காலுக்கு ஒட்டுப்போட்டு வாங்கினாள். பிரம்புக்கு வழியில்லை. கட்டில் பின்னுகிற பனை நார் போதாதா? கரையான் திரும்பி வராமலிருக்கப் புங்க எண்ணெய் தேய்த்துத் தேய்த்து, கை இரண்டும் நாறிப்போயின.

"துரைக்குக்கூட இவ்ளோ எண்ணெ தேய்ச்சிருக்க மாட்டாங்க" என்று குழந்தைவேல் கேலி செய்வார். அப்புறம் குரல் இறங்கிவிடும். "நாற்காலி கெடக்கட்டும் தையலு. ஒரே ஒரு ராத்திரி, மல்லாக்கப் படுத்து, கால நீட்டித் தூங்கணும். அது போதும்."

"நாற்காலில சாஞ்சிக்கினு நீட்டுங்க, யாரு வேணாங்கறது?" என்பாள் அவள்.

நாலு வரிசை இரண்டானது. அப்போது அவருடைய மூச்சிழுப்புச் சத்தம் நின்றது. தையலம்மாள் எட்டிப் பார்த்தாள். நெற்றி தலையணையில் புதைந்திருந்தது. அப்பாடா, தூங்கிவிட்டார் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். எத்தனை நாளாயிற்று இப்படி அடங்கித் தூங்கி! எழுந்துவிடப் போகிறாரே என்று வாளியைக்கூட நகர்த்தவில்லை. நாரை ஓசைப்படாமல் இழுத்து, கடைசி முடிச்சைப் போட்டு, உட்கார்ந்து பார்த்தாள். தாங்கியது. அதன் பிறகுதான் போய் அவர் தோளைத் தொட்டாள்.

அக்கம்பக்கத்தார் ஓடிவந்து அவரைச் சுவரோரம் சாய்த்தார்கள். அவள் அழவில்லை. சத்தம் நின்றதற்குச் சந்தோஷப்பட்டோமே என்பது ஒன்றுதான் மனசைப் போட்டு அறுத்தது.

வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்த மணவாளன், அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு கத்தி அழுதான். அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"அண்ணி, நாற்காலிய வெளிய எடுத்துப் போடட்டுமா?"

"எதுக்கு?"

"இன்னா எதுக்கு? ஒக்கார வெச்சி எடுக்கத்தான். எங்கப்பன உரல் மேலதான் ஒக்கார வெச்சோம். அண்ணனாவது துரையாட்டம் போவட்டும். நம்ம பாகூர் முழுக்கப் பாக்கட்டும்."

அந்த வகையறாவில் வீட்டுக்குப் பெரியவர்கள் இறந்தால் உட்கார்த்தித்தான் எடுப்பார்கள். கூடியிருந்தவர்கள் சரி என்றார்கள்.

"படுக்க வைங்க தம்பி" என்றாள் தையலம்மாள்.

"காலு நீளாது அண்ணி. ரெண்டு மாசமா மடங்கின முட்டி, வீங்கி வேற கெடக்குது. நாற்காலின்னா தோதா இருக்கும்."

"கை கிழியக் கிழிய செஞ்சியே, அது அவருக்குத்தானேம்மா?" என்று எதிர்வீட்டுச் சின்னபொண்ணு கேட்டாள்.

"அவருக்குத்தான். படுக்க முடியாத மனுஷனுக்குச் செஞ்சேன்." அதுவரை அடக்கியிருந்தது உடைந்துவிட்டது. "இப்பதான் மூச்சு முட்டாதே! இப்பவாவது படுக்க வுடுங்களேன்!"

மணவாளன் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றான்.

அவள் உள்ளே போய், நாற்காலிக்குத் தேய்த்து மிஞ்சிய புங்க எண்ணெயைக் கொட்டாங்கச்சியோடு எடுத்துவந்தாள். அடுப்புத் தணலில் காட்டிச் சூடாக்கி, அவர் முட்டியில் விட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். மேலும் கீழுமாக, பொறுமையாக, மரத்தைத் தேய்த்த அதே கைதான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மணவாளன் உட்கார்ந்து, அண்ணன் கணுக்காலைப் பிடித்து இழுத்தான்.

"மொள்ள தம்பி. வலிக்கப் போவுது."

அவருக்கு இனி வலிக்காது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மணவாளனும் மெதுவாகத்தான் இழுத்தான். முதலில் வலது கால் நீண்டது. வெகுநேரம் கழித்து இடது கால்.

பாயை விரித்து மல்லாக்கக் கிடத்தினார்கள். தலையை நேராக வைத்துவிட்டுத் தையலம்மாள் கால்மாட்டுக்கு வந்தாள். இரண்டு பாதமும் பாயைத் தாண்டி மண்தரையில் கிடந்தன. அவர் இவ்வளவு உயரம் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

"இன்னொரு பாய் கொண்டாங்க" என்றாள்.