முதல் கையெழுத்து

அவனுக்கு வக்கீல் என்று பட்டப்பெயர் வந்ததே தவிர, சட்டக் கல்லூரி வாசலைக்கூட அவன் மிதித்ததில்லை. பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு வெள்ளரிக்காய் பயிர் செய்கிறவன். ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், "ரூல்படி பார்த்தா..." என்றுதான் வாயைத் திறப்பான். யார் வீட்டுக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், யாருக்கு விதை முளைக்கவில்லை என்றாலும் மனு எழுதித் தருவது அவன்தான். முத்து முத்தான எழுத்து. கீழே கையெழுத்துப் போட்டு அதிகாரி முன்னால் போய் நிற்பது மட்டும் எப்போதும் வேறு யாராவது.

அந்த வட்டாரத்தில் வெள்ளரி பயிர் செய்கிறவர்கள் பன்னிரண்டு பேர். வாங்குவதற்கு ஒரே கம்பெனி. அதற்கு நகரங்களில் வரிசையாகக் கடைகள். சாயங்காலம் ஃபோன் வரும், நாளைக்கு இத்தனை பெட்டி என்று. விடிவதற்குள் பறித்து, துடைத்து, அடுக்கி, பத்து மணிக்குக் கொள்முதல் கொட்டகையில் இறக்க வேண்டும். கடைகளில் அன்றைக்கு வியாபாரம் மந்தம் என்றால் பாதிப் பெட்டி அப்படியே திரும்பிவிடும். "ஆர்டர் அதிகமாகக் கொடுத்துவிட்டோம்" என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். காய் வளைந்திருக்கிறது என்பார்கள். கொடியில் தொங்குகிற காய் கொஞ்சம் வளையத்தான் செய்யும், பென்சில் மாதிரி காய்க்க வேண்டும் என்றால் பென்சிலைத்தான் நட வேண்டும்!

காய் நேரா, வளைவா என்று பார்க்கக் கொட்டகையில் ஒரு பலகை உண்டு. நடுவில் நீளமாக ஒரு பள்ளம். காய் அதில் அடங்கிப் படுத்தால் தேர்ச்சி, தூக்கிக்கொண்டு நின்றால் கழிவு. ஒருநாள் தரம் பிரிக்கிற ஆள் சாப்பிடப் போயிருந்த நேரம், வக்கீலும் அவன் தங்கை புருஷனும் கொட்டகைக்குப் பின்னால் இன்னொரு பலகையைப் பார்த்துவிட்டார்கள். எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டாவதில் பள்ளம் ஒரு விரற்கடை குறுகல். வியாபாரம் இல்லாத நாளில் இதுதான் வெளியே வருகிறது.

"அடப்பாவிகளா, பரீட்சை அன்னைக்கு ஸ்கேலையே மாத்திடறாங்களே மச்சான்" என்றான் மாப்பிள்ளை. இரண்டு பேரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. சொந்தமானது அப்புறம். அதனால் மாப்பிள்ளை மரியாதையெல்லாம் கிடையாது, வா போதான். சத்தம் போடாமல் பலகையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

இந்த மாதிரி வேலைக்கென்றே அப்போது புதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது. அழுகிப்போகிற பொருளுக்குக் கொடுத்த ஆர்டரைக் கடைசி நேரத்தில் வெட்டக் கூடாது. பெரிய கம்பெனி தன் கனத்தைக் காட்டிச் சின்ன ஆளை நெருக்கக் கூடாது. வியாபாரிகள் கூடிப் பேசி விலை வைத்தால் குற்றம், ஆனால் விவசாயிகள் ஒன்றாகச் சேர்ந்து பேரம் பேசினால் குற்றமில்லை. வியாபாரத்தில் நியாயம் பார்க்கிற போட்டி ஆணையத்துக்குப் புகார் எழுதினால் எழுதினவன் பெயர் வெளியே வராது. இதையெல்லாம் பெஞ்சில் விளக்கு விளக்கென்று விளக்கினவன் வக்கீல்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற இடம் வந்ததும் எல்லோருக்கும் வீட்டில் வேலை இருந்தது.

கடைசியில் அவனே எழுதினான். பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. இரண்டு பக்கம். இரண்டு பலகை விஷயத்தையும் அளவோடு எழுதி, பெயரும் முகவரியும் போட்டு, பக்கத்து ஊர் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான். திரும்பி வரும்போது அவனுக்கே தன்மேல் மரியாதையாக இருந்தது. பாம்பும் சாக வேண்டும், கோலும் முறியக் கூடாது என்கிற வீரம்தான், ஆனாலும் வீரம்தானே என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்துக் கம்பெனியின் கொள்முதல் மேலாளர் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். எப்போதும் சிரித்த முகம் அவருக்கு. முதுகுக்குப் பின்னால் சிரிப்பு என்றே அவருக்குப் பெயர். பெரிய வட்ட மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பிஸ்கட் தட்டு. வக்கீலுக்கு இடது பக்கம் மாப்பிள்ளை.

"ஒண்ணும் பெரிசா இல்ல. ஆணையத்துலேர்ந்து நோட்டீஸ் வந்திருக்கு. யாரோ நம்ம மேல வருத்தத்துல எழுதியிருக்காங்க. யாருன்னு நான் கேக்கல, கேக்கவும் கூடாது" என்று சிரித்தார். நோட்டீஸை எடுத்து வாசித்தார். "நிறுவனம் பள்ளத்தின் அகலம் மாறுபடும் இரண்டு பலகைகளை வைத்திருப்பதாகவும்..."

மாப்பிள்ளை சட்டென்று திரும்பி வக்கீலைப் பார்த்தான். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு.

வக்கீல் பார்வையைப் பிஸ்கட் தட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான். இந்தப் பயல் காட்டிக்கொடுத்துவிடுவான் போலிருக்கிறதே! இப்படி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எதிரில் இருக்கிறவர் என்ன குருடரா? 

மேலாளர் ஒரு தாளை மேஜையில் வைத்தார். எங்களுக்குக் கம்பெனிமேல் குறை எதுவும் இல்லை, யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல் கையெழுத்திடுகிறோம் என்று அச்சடித்திருந்தது.

"யாரையும் கட்டாயப்படுத்தல. அடுத்த சீசன் ஒப்பந்தம் போடணும்ல? யார் யார் நம்ம கூட இருக்காங்கன்னு தெரிஞ்சா எனக்கும் மேல பேச வசதியா இருக்கும்."

யாரும் அசையவில்லை. ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். ஒருவர் பிஸ்கட்டை உடைத்துத் தூளாக்கினார். பத்து நொடி யாரும் தொடாமல் இருந்திருந்தால் அந்தத் தாள் அங்கேயே செத்திருக்கும் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். அதற்குள் வக்கீல் முந்திரிக்கொட்டை மாதிரி கையை நீட்டித் தாளை இழுத்தான். "நமக்கென்ன சார் குறை? நல்லாத்தானே நடக்குது" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் வேறு. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன், அவனுக்கு அண்ணன் இவன்.

சட்டம் தெரிந்த வக்கீலே போட்டுவிட்டான், அப்புறம் நமக்கென்ன? தாள் வலது பக்கமாகச் சுற்றியது. ஒவ்வொரு பேனாவாக இறங்கியது. பதினோரு கையெழுத்தோடு வட்டம் முடிகிற இடத்தில் மாப்பிள்ளையிடம் வந்து நின்றது.

மாப்பிள்ளை படித்தான். இரண்டாவது தடவையும் படித்தான். "நான் போடல சார்" என்றான்.

"ஏதாவது குறை இருக்கா?"

"இருக்குறவன் எவனோ எழுதியிருக்கான்ல சார். அவன் பொய் சொல்றான்னு நான் எப்படி எழுதித் தர்றது?"

சொல்லிவிட்டுத் தாளை அடுத்த ஆளிடம் தள்ளினான். அடுத்த ஆள் வக்கீல். அவன் பெயர் மேலே முதலாவதாக இருந்தது. பேனா கையிலேயே இருந்தது. ஒரு கோடு இழுத்தால் போதும். அவன் பேனாவை மூடினான். தாளின் மடங்கிய ஓரத்தை நீவிவிட்டு, எழுந்து போய், இரண்டு கையாலும் மேலாளரிடம் கொடுத்தான். அந்த இரண்டு கையை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் அவனுக்குக் கூசுகிறது.

அடுத்த வாரமே மாப்பிள்ளைக்கு ஃபோன் நின்றுபோனது. தேவை குறைந்துவிட்டது என்றார்கள். தேவை குறைந்த லட்சணம், அவன் கொடுத்துக்கொண்டிருந்த எழுபது பெட்டியை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். வக்கீலுக்கு மட்டும் நாற்பது. வேண்டாம் என்று சொல்ல அவன் ஃபோனை எடுத்தான், "சரி சார்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

கொஞ்ச நாளில் ஆணையத்திலிருந்து தபால் வந்தது. கையெழுத்துப் போட்ட பதினோரு பேரும் வியாழக்கிழமை நேரில் வர வேண்டும், தனித்தனியாக விசாரிப்பார்களாம். புகாரில் உண்மை இல்லை என்று ஆனால் அன்றோடு கோப்பு மூடப்படும். மூடிவிட்டால் மாப்பிள்ளை தோட்டத்தில் கொடியோடு காய் பழுத்து உதிர வேண்டியதுதான்.

புதன்கிழமை வக்கீல் வண்டியில் வரும்போது நாற்சந்தியில் தங்கை கைகாட்டி நிறுத்தினாள். ஒரு மடக்கு மேஜை போட்டு வெள்ளரியைக் குவித்து விற்றுக்கொண்டிருந்தாள். வெயிலில் முகம் கறுத்துப் போயிருந்தது. மாப்பிள்ளை குனிந்து பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உன்னைப் பாக்கத்தான் வரணும்னு இருந்தேன். இவருக்காக ஆணையத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடு. உனக்குத்தான் சட்டமெல்லாம் தெரியும்."

வண்டியை விட்டு இறங்கினான். பையில் தாள், பேனா எல்லாம் தயாராக வைத்திருந்தாள். மேஜை ஓரத்தில் காய்களை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தாள்.

"அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தன்தான் எழுதியிருக்கான். புகாரையும் எழுதிட்டு, நல்லபிள்ளையாட்டம் குறையில்லைன்னு கையெழுத்தும் போட்டிருக்கான் பாரு. அவனும் சோறுதான் திங்கறானா? கண்ணாடியில மூஞ்சி பாப்பானா அவன்? எவனுக்கோசரம் இவர் வீம்பு பிடிச்சாரோ, அந்த மகராசன் நல்லா கம்பெனிக்குக் காய் ஏத்திட்டிருக்கான்."

"விடேன்" என்றான் மாப்பிள்ளை, தலை நிமிராமல்.

"எத்தனை பெட்டி நிறுத்தினாங்க?" என்று கேட்டான் வக்கீல். 

"எழுபது."

எழுபது என்று எழுதினான். பின்னால் அவன் வண்டியில் அதில் நாற்பது பெட்டி அடுக்கியிருந்தது. தங்கை அந்தப் பக்கம் வந்த ஒருவருக்கு எடை போடத் திரும்பினாள். பேனா நகரவில்லை.

மாப்பிள்ளை எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டு வண்டிப் பக்கம் கூட்டிப்போனான். "இதை நீ எழுத வேணாம் மச்சான். அவளே எழுதட்டும். உன் எழுத்து அந்த ஆபீஸ்ல ஏற்கெனவே இருக்கு. ரெண்டும் ஒரே கைன்னு கண்டுபிடிச்சிடுவாங்க."

வக்கீல் குரலைத் தாழ்த்தினான். "உனக்கு... எப்போ தெரியும்?"

"பலகைன்னு அவர் வாசிச்சாரே, அப்பவே. அந்தப் பலகையைப் பாத்தது நாம ரெண்டு பேர்தானே? சந்தோஷமாயிடுச்சு எனக்கு. அடேய், எழுதிட்டியாடா, பயப்படாதே, நான் இருக்கேன்னுதான் உன்னைப் பாத்தேன்."

"நான்... நீ காட்டிக்கொடுத்துடுவேன்னு நெனச்சேன் மாப்ள."

 மாப்பிள்ளை முகத்தில் கோபம் வந்திருந்தால் வக்கீலுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சரி, பயத்துல போட்டுட்டே. தாள் சுத்தி வரும்போது நீ உன் பேரை அடிச்சுடுவேன்னு நெனச்சேன். அதான் நான் போடாம உங்கிட்டத் தள்ளினேன். ரெண்டு பேர்னா தைரியம் வரும்னு பாத்தேன்." அவன் தங்கை இருந்த பக்கம் பார்த்தான். "அவகிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீ போ."

போ என்றதும் போய்விட்டான். அதுதான் அவனுக்குக் கைவந்த வித்தை.

வியாழக்கிழமை ஆணைய அலுவலக வராந்தாவில் நீள பெஞ்சில் பதினோரு பேரும் உட்கார்ந்தார்கள். உள்ளே போன ஒவ்வொருவரும் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். நம்ம வக்கீல் போட்டான், நானும் போட்டேன் என்று சொன்னதாக ஒருவர் வந்து சொன்னார். அவனைப் பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார்.

கடைசியாக அவனைக் கூப்பிட்டார்கள். சின்ன அறை, காற்றுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். அதிகாரி நாற்பது வயதுப் பெண். மேஜையில் அவன் எழுதிய இரண்டு பக்கமும், கம்பெனி அனுப்பிய தாளும் அடுத்தடுத்து இருந்தன. எழுந்து போய்க் கதவைச் சாத்தப் போனாள்.

"திறந்தே இருக்கட்டும்மா" என்றான்.

அவள் நின்றாள். "புகார் கொடுத்தவங்க பேரை நான் வெளியே விட முடியாது. ஆனா இப்ப நீங்க சொல்றதை வாக்குமூலமா எழுதினா, பேர் கம்பெனிக்குப் போகும். தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியும்மா. புகார்ல இருக்கறது நிஜம். அந்தத் தாள்ல இருக்கறது பொய். முதல்ல போட்டது நான். நான் போட்டதாலதான் மத்தவங்க போட்டாங்க."

வராந்தாவில் பேச்சு நின்றது. அவள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். இடையிடையே கேட்டாள், இவன் சொன்னான். ஊருக்கெல்லாம் மனு எழுதியவனுக்குத் தன் காரியத்துக்கு ஒரு வாக்கியம் நேராக வரவில்லை. நாற்பது பெட்டி வாங்கிக்கொண்டதையும் சொன்னான், அவள் கேட்காமலே.

"கையெழுத்துப் போடாததால ஆர்டர் போனவர். அவர் உங்களுக்கு ஏதாவது உறவா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னான்.

"கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"என் தங்கச்சி புருஷன்" என்றான், பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி.

எழுதிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. நிமிர்ந்து முதல் தடவையாக அவனை நன்றாகப் பார்த்தாள். படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"உங்க தங்கச்சிக்குத் தெரியுமா?"

"இல்லம்மா. இனிமேத்தான் போய்ச் சொல்லணும்" என்றான்.